பொறாமை, கசப்பு, நன்றியறிதல்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

வேதபாடக் குழுக்களிலும், ஜெபக்கூட்டம் முடிந்த பிறகு தனியாக வந்து பேசுகிறவர்களிடமும் அடிக்கடி எழும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம். கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை விட்டுவிட்டோம். எளியவை முதலில், சிக்கலானவை பின்னால். ஒரு விஷயம் மறுபடி வந்தால் பழைய கேள்வியின் எண்ணை மட்டும் குறித்திருக்கிறோம்.

1. பொறாமையும் கசப்பும் ஒண்ணுதானே? எதுக்குத் தனித்தனியா பிரிக்கிறீங்க?

இரண்டுக்கும் சிகிச்சையின் வரிசை வேறு என்பதால்தான். பொறாமையில் உங்களுக்கு யாரும் எதுவும் செய்யவில்லை. இன்னொருவருக்கு நல்லது நடந்தது, உங்களுக்கு வலித்தது, அவ்வளவுதான். பதின்மூன்றாம் நூற்றாண்டு இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் பொறாமையைப் பிறருடைய நன்மையைக் கண்டு வரும் துக்கம் என்றே வரையறுத்தார். கசப்பில் ஒரு காயம் உண்டு, காயப்படுத்தியவர் ஒருவர் உண்டு, தீர்க்கப்படாத ஒரு கணக்கும் உண்டு. எபிரெயர் 12:15 அதை முளைத்தெழும்பிக் கலக்கமுண்டாக்கும் 'கசப்பான வேர்' என்கிறது.

பொறாமைக்கு நன்றியறிதலை இன்றைக்கே தொடங்கலாம். கசப்பென்றால் நடந்ததைத் தேவனிடம் உள்ளபடி சொல்வது முதலில், மன்னிப்பு அடுத்தது, அதற்குப் பிறகுதான் நன்றி நிலைக்கும். 'நன்றி சொல்லிப் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை' என்பவர்களில் பலர் இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்திருப்பார்கள்.

உங்களுடையது எதுவென்று தெரியாவிட்டால், அந்த ஆள் உங்களுக்குச் செய்த தவறை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். 'வாங்கிய பணத்தைத் திருப்பித் தரவில்லை' என்று எழுத முடிந்தால் அது கசப்பு. 'ரொம்ப அலட்டிக்கொள்கிறார்' என்பதைத் தாண்டி பேனா நகரவில்லையென்றால் பெரும்பாலும் பொறாமைதான். பொறாமைக்கு நியாயக்காரன் வேஷம் போடுவது கைவந்த கலை.

2. மனசுல சட்டுனு ஒரு எரிச்சல் வந்துட்டுப் போகுது. அதுவும் பாவமா?

வந்து போகும் குத்தலும், உட்கார வைத்துப் பேசும் நினைப்பும் வேறுவேறு. ஆதியாகமம் 4இல் ஆபேலின் காணிக்கை அங்கீகரிக்கப்பட்டதும் காயீனின் முகநாடி வேறுபட்டது. அந்தக் கட்டத்தில் தேவன் அவனைத் தண்டிக்கவில்லை. ஏன் எரிச்சலாயிருக்கிறாய் என்று கேட்டார், பாவம் வாசற்படியில் படுத்திருக்கிறது என்று எச்சரித்தார். வாசற்படியில் இருப்பதை உள்ளே விட்டது காயீனுடைய முடிவு.

ஆகவே குத்தல் வந்ததற்காக உங்களையே வதைத்துக்கொள்ள வேண்டாம். அந்த நிமிடத்திலேயே தேவனிடம், 'இன்னாருக்குக் கிடைத்த இன்னதைப் பார்த்து எனக்கு வலிக்கிறது' என்று பெயர் சொல்லிவிடுங்கள். பெயர் சொல்லாமல் விட்ட குத்தல்தான் மாலைக்குள் விமர்சனமாக வாயில் வரும்.

3. எனக்கெல்லாம் பொறாமையே கிடையாது. இருக்குன்னா எப்படித் தெரியும்?

கோபத்தையும் பயத்தையும் ஒத்துக்கொள்கிறவர்கள்கூட இதை ஒத்துக்கொள்வதில்லை. 604இல் மறைந்த போப் முதலாம் கிரகோரி, பொறாமைக்கு ஐந்து பிள்ளைகள் உண்டு என்று எழுதிவைத்தார்: வெறுப்பு, முணுமுணுப்பு, புறங்கூறுதல், பிறர் விழும்போது வரும் மகிழ்ச்சி, பிறர் வாழும்போது வரும் துக்கம். தாயைக் காணாவிட்டாலும் பிள்ளைகளைக் காணலாம்.

நடைமுறையில் கவனிக்க வேண்டிய இடங்கள் சில. ஒருவரைப் பாராட்டும் வாக்கியத்தில் 'ஆனால்' தானாக வந்து ஒட்டிக்கொள்கிறதா? அவருடைய தோல்விச் செய்தி வந்தபோது, 'ஐயோ பாவம்' என்று சொல்வதற்கு முன் உள்ளே ஏதோ லேசானதா? அவர் பெயரைச் சொல்லி ஜெபிக்க மட்டும் நாக்கு எழவில்லையா? பொறாமை பொதுவாகத் தூரத்தில் இருப்பவர்மேல் வராது. ஒரே வயது, ஒரே வேலை, ஒரே சபை, ஒரே வீடு, அங்கேதான் வரும். காயீன் ஆபேல், ராகேல் லேயாள், யோசேப்பும் அவன் அண்ணன்மாரும் என்று ஆதியாகமத்துப் பொறாமைக் கதைகள் பெரும்பாலும் உடன்பிறப்புகளின் கதைகள்தான்.

4. நன்றி சொன்னா பொறாமை எப்படிப் போகும்? ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்?

பொறாமை ஒரு பொய்க் கணக்கின்மேல் நிற்கிறது. நன்மை அளவோடுதான் இருக்கிறது, அவருக்குப் போனது என் பங்கிலிருந்து போனது என்பதே அந்தக் கணக்கு. 1 சாமுவேல் 18இல் சவுல் ராஜாவையும் அவனுடைய படைவீரன் தாவீதையும் பற்றிப் பெண்கள் ஆடிப் பாடி, சவுல் கொன்றது ஆயிரம், தாவீது கொன்றது பதினாயிரம் என்றார்கள். சவுலின் பெயருக்கும் பாட்டில் இடம் கிடைத்தது, ஆயிரம் என்பதும் புகழ்தான். சவுலின் காதில் தாவீதுக்குச் சொன்ன எண் மட்டும் விழுந்தது. அந்நாள்முதல் தாவீதைக் காய்மகாரமாய்ப் பார்த்தான் என்கிறது வேதம். தன் ஆயிரத்துக்காக ஒரு நிமிடம் நன்றி சொல்லியிருந்தால் அந்த நாள் வேறு விதமாக முடிந்திருக்கலாம்.

நன்றி அந்தக் கணக்கின் அடியிலேயே கை வைக்கிறது. 'உனக்கு உண்டாயிருக்கிறவைகளில் நீ பெற்றுக்கொள்ளாதது யாது?' என்று 1 கொரிந்தியர் 4:7 கேட்கிறது. என்னிடம் இருப்பதெல்லாம் கொடுக்கப்பட்டது என்றால், அவரிடம் இருப்பதும் அதே கையிலிருந்து வந்தது. அப்போது பொறாமைக்கு எதிரி மாறிவிடுகிறார். மத்தேயு 20இல் எல்லாருக்கும் ஒரே கூலி கொடுக்கப்பட்டபோது, நாள் முழுக்க உழைத்தவர்கள் முறுமுறுத்தது கடைசி மணி நேரத்தில் வந்த கூலிக்காரர்களிடம் அல்ல, தோட்டத்து எஜமானிடம். 'நான் தயாளனாயிருக்கிறபடியால், நீ வன்கண்ணனாயிருக்கலாமா', அதாவது பொறாமைப்படலாமா, என்ற பதிலும் அவரிடமிருந்துதான் வந்தது. அவர்களுக்குப் பேசின ஒரு பணம் குறையாமல் கையில் இருந்தது என்பதையும் கவனியுங்கள்.

5. நாள் முழுக்க ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்னு சொல்லிக்கிட்டேதான் இருக்கேன். ஒரு மாற்றமும் இல்லையே?

பொதுவான நன்றி பொறாமையைத் தொடுவதில்லை. பொறாமை துல்லியமானது. அவருடைய பதவி உயர்வு, அவருடைய வீடு, அவர் மகள் வாங்கிய மதிப்பெண் என்று விவரத்தோடுதான் வரும். அதற்கு எதிரே 'சகல நன்மைகளுக்காகவும் ஸ்தோத்திரம்' நின்றால் தோற்றுப்போகும். விவரத்துக்கு விவரம்தான் பதில்.

இரவில் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். இக்னேஷியஸ் லொயோலா (1491–1556) வகுத்த அன்றாட ஆத்ம சோதனையில் ஐந்து படிகள் உண்டு; முதல் படியே நன்றி, பாவத்தைத் தேடுவதெல்லாம் அதற்குப் பிறகு. அந்த ஒழுங்கு நல்லது. மூன்று காரியங்கள் போதும், மூன்றும் இன்றைக்கு நடந்தவையாக இருக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் என்ன நடந்தது, யார் வழியாக வந்தது, அது இல்லாவிட்டால் இன்றைய நாள் எப்படிப் போயிருக்கும் என்று தேவனை நோக்கியே சொல்லுங்கள். 'வேலைக்காக நன்றி' என்று எழுத வேண்டாம். 'மத்தியானம் கணக்கு ஒத்துவராமல் நான் முழித்தபோது, அடுத்த மேஜைக்காரர் தன் வேலையை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்து, இரண்டு முறை ஏறியிருந்த தொகையைக் காட்டிக்கொடுத்தாரே, அதற்காக ஆண்டவரே' என்று எழுதுங்கள். மூன்றில் ஒன்றாவது உங்கள் பொறாமை எந்தப் பகுதியில் இருக்கிறதோ அந்தப் பகுதியிலிருந்தே வரட்டும். வேலையில் பொறாமை என்றால் வேலையிலிருந்து, பிள்ளைகள் விஷயத்தில் என்றால் பிள்ளைகளிடமிருந்து. வலிக்கும் இடத்தைத் தவிர்த்துவிட்டு மற்ற எல்லாவற்றுக்கும் நன்றி சொல்வது எளிது, பயன் குறைவு.

வழக்கமாகக் கெட்டுப்போகும் விதங்களும் உண்டு. 'ஆரோக்கியம், குடும்பம், இரட்சிப்பு' என்று அதே பட்டியல் தினமும் வரும். நான்காம் நாளே மனம் கேட்பதை நிறுத்திவிடும். ஆர்வத்தில் இருபது எழுதி ஒரு வாரத்தில் கைவிடுவார்கள். இன்னும் சிலருக்கு அது பேரமாகிவிடும்: நன்றி சொல்லிவிட்டேன், இனி எனக்கும் கொடும். கொடுக்கப்படும்வரை மட்டும் சொல்லும் நன்றி முன்பணம்தான்.

6. நம்மளவிடக் கஷ்டப்படுறவங்களை நினைச்சு நன்றி சொல்லுங்கன்னு சொல்றாங்களே, அது சரியா?

எங்கள் கருத்தில் இது ஆபத்தான பழக்கம். ஒப்பிட்டுப் பார்ப்பதில்தான் பொறாமையே பிறந்தது. இங்கே அதே ஒப்பீட்டைக் கீழ்நோக்கித் திருப்புகிறோம், அவ்வளவுதான். லூக்கா 18இல் பரிசேயன் ஜெபித்ததும் நன்றி ஜெபம்தான். மற்ற மனுஷரைப்போலவும் இந்த ஆயக்காரனைப்போலவும் இராததனால் உம்மை ஸ்தோத்திரிக்கிறேன் என்றான். நீதிமானாக்கப்பட்டு வீட்டுக்குத் திரும்பியது ஆயக்காரன்.

இன்னொருவரின் கஷ்டத்தைப் பார்த்தால் அவருக்காக ஜெபியுங்கள், முடிந்ததைச் செய்யுங்கள். உங்கள் நன்றிக்கு அவரைப் படிக்கட்டாக்க வேண்டாம். உங்கள் பட்டியலில் இன்னொருவருடைய குறைவு வந்தால்தான் ஒரு வரி நிற்கிறது என்றால், அந்த வரியை அடித்துவிடுங்கள்.

7. இது சைக்காலஜியில சொல்ற நன்றி டைரிதானே? இதுல கிறிஸ்தவம் எங்க இருக்கு?

பழக்கம் ஒத்துப்போகிறது, மறுக்க வேண்டியதில்லை. 2003இல் ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ என்ற இரு உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வில், வாரம் ஒருமுறை நன்றிக்குரிய காரியங்களை ஐந்து வரை எழுதியவர்கள், தொல்லைகளை எழுதியவர்களைவிடத் தங்கள் வாழ்க்கையைப் பற்றி நிறைவாக உணர்ந்தார்கள்.

வேறுபாடு நன்றி போய்ச் சேரும் இடத்தில் இருக்கிறது. லூக்கா 17இல் பத்துக் குஷ்டரோகிகளும் சுத்தமானார்கள். பத்துப் பேருக்கும் பலன் ஒன்றுதான். சமாரியன் ஒருவன் மட்டும் திரும்பி வந்து இயேசுவின் பாதத்தருகே விழுந்தான். கொடுத்தவரிடம் திரும்புவது கிறிஸ்தவ நன்றி. பட்டியலில் எழுத ஒன்றுமே இல்லாத நாளில் இது புரியும். டைரி அன்று வெறுமையாக இருக்கும், கொடுத்தவர் அன்றும் இருப்பார்.

8. அவங்களுக்குக் கிடைச்சதுக்காக நான் நன்றி சொல்லணுமாம். மனசுல இல்லாம சொன்னா அது பொய் இல்லையா?

'எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது' என்று சொன்னால்தான் பொய். 'ஆண்டவரே, இதை அவருக்குக் கொடுத்தது நீர். நீர் கொடுத்தது நல்லது. என் மனம் இன்னும் இதற்கு ஒத்துவரவில்லை' என்று சொன்னால் ஒவ்வொரு சொல்லும் உண்மை. அங்கிருந்து தொடங்குங்கள். முதலில் அவருக்குக் கிடைத்ததைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள். அதைக் கொடுத்தவர் தேவன் என்று ஒப்புக்கொள்ளுங்கள். பிறகு அது அவருக்குப் பெருகும்படி கேளுங்கள். மூன்றாவது படியில்தான் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதற்காக அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள், உள்ளே வேலை நடப்பது அந்தப் படியில்தான்.

அதன்பின் ஒரு செயல். சவுலின் மகன் யோனத்தானுக்குத்தான் முறைப்படி சிங்காசனம் வர வேண்டும். தாவீதால் அதிகம் இழக்கப்போகிறவன் அவன். அவனோ தன் சால்வையையும் வஸ்திரத்தையும் பட்டயத்தையும் வில்லையும் கச்சையையும் கழற்றித் தாவீதுக்குக் கொடுத்தான் (1 சாமுவேல் 18:4). ஒரே அத்தியாயத்தில் தகப்பனின் கையில் தாவீதைக் குத்த ஈட்டி, மகனின் கையில் அவனுக்குப் பரிசு. உங்கள் செயல் சிறிதாக இருக்கலாம். 'ஆனால்' சேர்க்காத ஒரு பாராட்டை மூன்றாம் ஆளிடம், அவர் இல்லாத இடத்தில் சொல்லுங்கள். அவர் முன்னால் சொல்வதைவிட இது கடினம், அதனாலேயே நல்ல பயிற்சி.

9. ஸ்டேட்டஸைத் திறந்தாலே வயிறு எரியுது. போனையே தூக்கிப் போட்டுடலாமா?

தூக்கிப் போட வேண்டாம், ஆனால் சில வாரங்களுக்கு அந்தக் குறிப்பிட்டவர்களின் பதிவுகளை மட்டும் மறைத்து வைக்கலாம். எழுந்ததும் படுக்கப்போகும்போதும் திறக்காதீர்கள். இப்படி விலகியிருக்கும் காலத்தில் எட்டாம் கேள்வியில் சொன்னதைச் செய்யாவிட்டால், திரும்ப வரும்போது எரிச்சல் அப்படியே காத்திருக்கும். யோவான் 21இல் பேதுரு இன்னொரு சீஷனைத் திரும்பிப் பார்த்து, ஆண்டவரே, இவன் காரியம் என்ன என்று கேட்டான். 'உனக்கென்ன, நீ என்னைப் பின்பற்றிவா' என்று பதில் வந்தது. அன்றைக்கு அவனிடம் போன் இல்லை.

10. ஏமாத்துறவங்கதான் நல்லா இருக்காங்க. இதைப் பார்த்து எரிச்சல் வந்தா அதுவும் பொறாமையா?

பாதி நீதியுணர்வு, பாதி பொறாமை. சங்கீதம் 73 முழுவதும் இதுதான். அதைப் பாடிய ஆசாப் தன் எரிச்சலை மறைக்கவில்லை: 'வீம்புக்காரராகிய அவர்கள்மேல் பொறாமைகொண்டேன்' என்று மூன்றாம் வசனத்திலேயே சொல்லிவிடுகிறான். அவர்கள் கொழுத்திருக்கிறார்கள், வருத்தப்படுவதில்லை, நான் என் கைகளைக் கழுவினது வீண் என்று புலம்புகிறான். தேவனுடைய பரிசுத்த ஸ்தலத்துக்குள் போய் அவர்கள் முடிவை உணர்ந்தது பதினேழாம் வசனத்தில்தான்.

அதற்குப் பிறகு ஆசாபின் செல்வநிலை மாறியதாகச் சங்கீதத்தில் ஒரு வரியும் இல்லை. மாறியது அவன் எண்ணும் பொருள். அவர்களிடம் இருப்பதை எண்ணிக்கொண்டிருந்தவன், நீர் என் வலதுகையைப் பிடித்துத் தாங்குகிறீர் என்கிறான், பரலோகத்தில் உம்மையல்லாமல் எனக்கு யார் உண்டு என்கிறான். எரிச்சல் வரும் நாளில் இந்த 28 வசனங்களையும் வாய்விட்டு வாசியுங்கள். கடைசிப் பகுதியை மட்டும் எடுத்து வாசித்தால் இறங்காது.

11. ஊழியத்துலயே பொறாமை வருது. நான் பத்து வருஷமா பாடுறேன், நேத்து வந்தவங்களை முன்னாடி நிறுத்துறாங்க.

யோவான்ஸ்நானகனின் சீஷர்களும் இயேசுவைக் குறித்து இதையே கேட்டார்கள்: எல்லாரும் அவரிடத்தில் போகிறார்களே. அவன் சொன்ன பதில், 'பரலோகத்திலிருந்து ஒருவனுக்குக் கொடுக்கப்பட்டாலொழிய அவன் ஒன்றையும் பெற்றுக்கொள்ளமாட்டான்' (யோவான் 3:27). பவுலோ மறுபக்கத்தில் நின்றவர். அவர் சிறையில் கட்டப்பட்டிருக்கும்போது சிலர் பொறாமையினாலே கிறிஸ்துவைப் பிரசங்கித்தார்கள். எப்படியாவது கிறிஸ்து அறிவிக்கப்படுகிறாரே என்று அதிலும் சந்தோஷப்பட்டார் (பிலிப்பியர் 1:15–18).

சபைக்குள் பொறாமை ஆவிக்குரிய மொழியில் பேசும் என்பதால் கூடுதல் கவனம் தேவை. 'அவருக்கு இன்னும் முதிர்ச்சி போதாது', 'பாரத்தோடு சொல்கிறேன்' போன்ற வாக்கியங்களை யாரிடம் சொல்கிறீர்கள் என்று பாருங்கள். சம்பந்தப்பட்டவரிடமோ பொறுப்பிலுள்ளவரிடமோ என்றால் அது ஆலோசனை. மற்றவர்களிடம் என்றால் மூன்றாம் கேள்வியில் சொன்ன ஐந்து பிள்ளைகளில் ஒன்று. பொறுப்பு ஒதுக்கியதில் உண்மையாகவே பாரபட்சம் இருந்தால் நேரடியாகக் கேட்கலாம், அதில் தவறில்லை. புதியவருக்கு ஒரு பாட்டைச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போய்க் கேளுங்கள். உங்கள் குரல் தானாகவே வேறு மாதிரி இருக்கும்.

12. எனக்கு நடந்தது நிஜமான அநியாயம். அதுக்கும் நன்றி சொல்லணும்னா என்னால முடியாது.

அநியாயத்தை நல்லது என்று சொல்லும்படி வேதம் கேட்கவில்லை. 'எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்' என்ற 1 தெசலோனிக்கேயர் 5:18ஐக் காயப்பட்டவர் முகத்தில் வீசுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். யோசேப்பு தன்னை விற்றுப்போட்ட சகோதரரிடம், நீங்கள் எனக்குத் தீமைசெய்ய நினைத்தீர்கள் என்றான். அதைத் தீமை என்றே பெயர் சொன்ன பிறகுதான், தேவன் அதை நன்மையாக முடியப்பண்ணினார் என்றான்.

1 கொரிந்தியர் 11இல் இன்னும் நெருக்கமாகப் பார்க்கலாம். கர்த்தராகிய இயேசு தாம் காட்டிக்கொடுக்கப்பட்ட அன்று இராத்திரியிலே அப்பத்தை எடுத்து ஸ்தோத்திரம்பண்ணினார். யூதாஸின் செயலுக்காக அவர் நன்றி சொல்லவில்லை. கையில் இருந்த அப்பத்துக்காகச் சொன்னார், துரோகம் நடந்துகொண்டிருந்த அதே இரவில். உங்களுக்கும் இவ்வளவு போதும். நடந்ததற்காக நன்றி சொல்ல முடியாவிட்டால், நடந்த அந்த நாளில் கையில் இருந்த ஒன்றுக்காகச் சொல்லுங்கள். துணைக்கு வந்த ஒருவர், எடுத்துப் பேசின ஒரு போன், தூக்கம் வந்த இரண்டு மணி நேரம்.

13. மன்னிச்சுட்டேன்னு சொல்லிட்டேன். ஆனா ராத்திரி படுத்தா அந்தப் படம் மறுபடியும் ஓடுது. அப்ப நான் மன்னிக்கலையா?

மன்னித்திருக்கலாம், கணக்குப் பார்க்காமல் மன்னித்திருப்பீர்கள். மத்தேயு 18இல் இயேசு சொன்ன உவமையில் ராஜா கடன்பட்ட ஊழியக்காரனிடம் முதலில் கணக்குப் பார்த்தான், பதினாயிரம் தாலந்து என்று தொகை வந்தது, பிறகு தள்ளுபடி செய்தான். ஒரு தாலந்து ஏறக்குறைய ஆறாயிரம் வெள்ளிப்பணம், ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி. மொத்தம் ஆறு கோடி நாள் கூலி. அந்த ஊழியக்காரனிடம் அவன் உடன் ஊழியக்காரன் பட்ட கடனோ நூறு வெள்ளிப்பணம். அதுவும் மூன்று மாதத்துக்கு மேற்பட்ட உழைப்பு. உங்களுக்கு நேர்ந்தது சின்ன விஷயம் என்று இயேசு சொல்லவில்லை.

ஆகவே ஒரு தாளில் எழுதுங்கள்: அவர் என்ன செய்தார், அதனால் நான் இழந்தது என்ன. பணம், வருடங்கள், பெயர், நம்பிக்கை என்று தனித்தனியாக. 'எல்லாத்தையும் மன்னிக்கிறேன்' என்ற ஒற்றை வரி பிடிமானமில்லாமல் வழுக்கும். ஒவ்வொரு வரியாக, 'ஆண்டவரே, இதை அவரிடம் இனி வசூலிக்க மாட்டேன், உம்மிடம் ஒப்படைக்கிறேன்' என்று சொல்லுங்கள். கிறிஸ்துவுக்குள் உங்களுக்குத் தள்ளுபடியான கடன் எது என்று அடுத்துச் சொல்லி, அதற்கு நன்றி சொல்லுங்கள். கசப்பில் நன்றி நுழையும் வாசல் இது. பிறகு அந்தத் தாளைக் கிழித்துவிடலாம். வைத்திருந்தால் திரும்ப வாசிக்கத் தோன்றும்.

இரவில் படம் ஓடினால் எந்தக் காட்சி என்று பாருங்கள். பெரும்பாலும் தாளில் எழுதாத ஒரு வரியாக இருக்கும். அதையும் சேர்த்து மன்னியுங்கள். ஏற்கெனவே மன்னித்த வரி என்றால், 'இது முடிந்த கணக்கு' என்று ஒரு வாக்கியம் சொல்லி நிறுத்துங்கள். வாதம் பண்ணத் தொடங்கினால் விடியும்வரை போகும். நினைவு வருவதால் மன்னிப்பு செல்லாமல் போகாது. ஏழெழுபதுதரம் மன்னிக்கும்படி இயேசு சொன்னது ஒரே காயத்துக்கும் பொருந்தும்.

14. அவர் மன்னிப்பே கேக்கலை. இன்னும் அப்படியேதான் நடந்துக்கிறார். நான் திரும்பப் போய்ப் பழகணுமா?

மன்னிப்பதும் ஒப்புரவாவதும் வேறு. மன்னிக்க நீங்கள் ஒருவர் போதும். ஒப்புரவாக இருவர் வேண்டும், அதில் எதிராளி மனந்திரும்பியிருக்க வேண்டும். தாவீது சவுலை இரண்டு முறை கையில் கிடைத்தும் கொல்லாமல் விட்டான், ஒருமுறை குகையில், ஒருமுறை பாளயத்தில் (1 சாமுவேல் 24, 26). இரண்டு முறையும் சவுல் அழுதோ வருந்தியோ நல்ல வார்த்தை சொன்னான். தாவீது அரண்மனைக்குத் திரும்பிப் போகவில்லை, தூரத்திலேயே இருந்தான். அதில் கசப்பும் இல்லை, ஏமாளித்தனமும் இல்லை.

அடி, பாலியல் துன்புறுத்தல், மிரட்டல் நடக்கிறது என்றால் முதல் வேலை பாதுகாப்பான இடத்துக்குப் போவதுதான். காவல்துறையில் புகார் கொடுப்பது மன்னிப்புக்கு விரோதமல்ல. தீமை செய்கிறவனைத் தண்டிக்கும் அதிகாரத்தையும் தேவனே ஏற்படுத்தினார் என்கிறது ரோமர் 13. 'நன்றியோடு சகித்துக்கொள்' என்று அந்த நிலையில் இருப்பவரிடம் சொல்கிறவர் தவறாகச் சொல்கிறார், அவர் போதகராகவே இருந்தாலும்.

15. எனக்கு மனுஷங்க மேல இல்ல, ஆண்டவர் மேலதான் கசப்பு. இதை வெளியே சொல்லவே பயமா இருக்கு.

புருஷனையும் இரண்டு மகன்களையும் இழந்து வந்த நகோமி ஊருக்கெல்லாம் கேட்கும்படி சொன்னாள்: என்னை நகோமி (இனிமை) என்று சொல்லாமல் மாராள் (கசப்பு) என்று சொல்லுங்கள், சர்வவல்லவர் எனக்கு மிகுந்த கசப்பைக் கட்டளையிட்டார். வேதம் அவளைக் கண்டிக்கவில்லை. கர்த்தர் என்னை வெறுமையாய்த் திரும்பிவரப்பண்ணினார் என்று அவள் சொன்னபோது மருமகள் ரூத் பக்கத்திலேயே நின்றாள் என்பது மட்டும் கவனிக்க வேண்டியது. கடைசி அத்தியாயத்தில் ஊர்ப் பெண்கள்தான், ஏழு குமாரரைப்பார்க்கிலும் அருமையான மருமகள் என்று அவளுக்கு எடுத்துச் சொன்னார்கள். கசப்பில் இருப்பவருக்குப் பக்கத்தில் நிற்கிறவர் தெரிய நாளாகும்.

ஜெபிக்க வார்த்தை வராவிட்டால் 13ஆம் சங்கீதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறே வசனம். முதல் இரண்டில் சங்கீதக்காரன் 'எதுவரைக்கும்' என்று நான்கு முறை கேட்கிறான், அடுத்து வேண்டுதல், கடைசியில் நம்பிக்கையும் பாட்டும். முதல் இரண்டு வசனங்களில் உங்கள் சொந்த 'எதுவரைக்கும்'களைப் போட்டுச் சொல்லுங்கள். சில நாள் கடைசி வசனம்வரை போக முடியாது, போகாதீர்கள். 88ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது. அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்கள்.

16. ரொம்ப வருஷமா குழந்தைக்காகக் காத்திருக்கோம். மத்தவங்களுக்குக் குழந்தை பிறந்த செய்தி வந்தா நன்றி சொல்ல முடியலை.

இதைப் பொறாமை என்று மட்டும் முத்திரை குத்த வேண்டாம். இதில் பெரும்பகுதி துக்கம். சந்தோஷப்படுகிறவர்களுடனே சந்தோஷப்படுங்கள் என்ற ரோமர் 12:15, அழுகிறவர்களுடனே அழுங்கள் என்று முடிகிறது. உங்களோடு அழ வேண்டிய கடமை சபைக்கும் உண்டு. ஒரு விசேஷத்துக்குப் போகாமல் வாழ்த்தை மட்டும் எழுதி அனுப்புவது பாவமல்ல.

பிள்ளையில்லாத அன்னாள் கர்த்தருடைய சந்நிதியில் மனங்கசந்து மிகவும் அழுதாள். ஆசாரியன் ஏலி அவளைச் சமாதானத்தோடு போ என்று அனுப்பியபின் போஜனஞ்செய்தாள், அப்புறம் துக்கமுகமாயிருக்கவில்லை. சாமுவேல் பிறப்பது அதற்குப் பின்னால். இதைக் கேட்டு, அப்படி ஜெபித்தால் குழந்தை நிச்சயம் என்று யாராவது சூத்திரமாக்கினால் நம்ப வேண்டாம். அன்னாள் அழுகையை எங்கே கொண்டுபோய்க் கொட்டினாள் என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

17. நான் பொறாமைப்பட்டதை அவங்ககிட்டயே போய்ச் சொல்லி மன்னிப்புக் கேக்கணுமா?

மனதுக்குள் மட்டும் இருந்தது என்றால் வேண்டாம். தேவனிடம் அறிக்கையிடுங்கள், தேவைப்பட்டால் ரகசியம் காக்கும் ஒருவரிடம் சொல்லுங்கள். ஒன்றுமே அறியாதவரிடம் போய், 'இத்தனை நாள் உங்களைப் பார்த்து எரிந்தேன்' என்று சொன்னால் உங்கள் பாரம் அவர் தலைக்கு மாறும். புறங்கூறியிருந்தால், வாய்ப்பைக் கெடுத்திருந்தால் கதை வேறு. செய்ததைச் சொல்லி மன்னிப்புக் கேளுங்கள், யாரிடம் தவறாகப் பேசினீர்களோ அவர்களிடமும் போய்த் திருத்துங்கள். மன்னிப்பைவிடத் திருத்தத்துக்குத்தான் தைரியம் தேவைப்படும்.

18. எதுக்கும் நன்றி தோணலை, யாரைப் பார்த்தாலும் வெறுப்பா இருக்கு. இது பாவமா, வியாதியா?

இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்களில் மனம் கனத்தே இருந்து, தூக்கமும் பசியும் மாறி, முன்பு பிடித்தவை எதிலும் ஈடுபாடு இல்லையென்றால் மருத்துவரைப் பாருங்கள். அது மனச்சோர்வாக இருக்கலாம். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் இரண்டு வாரம் காத்திருக்காமல் அன்றே போக வேண்டும். தீர்க்கதரிசி எலியா சூரைச்செடியின்கீழ் சாகக் கேட்டபோது தேவதூதன் பிரசங்கம் பண்ணவில்லை. அடையும் தண்ணீரும் கொடுத்து, மறுபடியும் தூங்கவிட்டான். இந்த நிலையில் ஐந்தாம் கேள்வியின் பயிற்சியைக் கட்டாயப்படுத்த வேண்டாம். எழுத முடியாத ஒவ்வொரு இரவும் இன்னொரு குற்றவுணர்ச்சியாகிவிடும்.

19. எத்தனை நாள்ல போகும்? போயிடுச்சுன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

நாள் குறித்துச் சொல்ல முடியாது. யாக்கோபின் மனைவி லேயாள் முதல் மூன்று மகன்களுக்கும் பெயரிட்டபோது தன் சிறுமையையும் புருஷனின் அன்புக்கான ஏக்கத்தையுமே பேசினாள். நான்காவதாக யூதா பிறந்தபோது, இப்பொழுது கர்த்தரைத் துதிப்பேன் என்றாள். அதோடு கதை முடிந்திருந்தால் அழகாக இருந்திருக்கும். அடுத்த அத்தியாயத்திலேயே, தங்கையும் யாக்கோபின் இன்னொரு மனைவியுமான ராகேலோடு மறுபடி போட்டி தொடங்கிவிட்டது. ஒருமுறை வென்றது அடுத்த முறைக்குச் சேமிப்பில் இருக்காது.

முன்னேற்றம் தெரியும் இடங்கள் உண்டு. குத்தல் வருவதற்கும் அதைத் தேவனிடம் பெயர் சொல்வதற்கும் இடைவெளி குறையும். முன்பு ஒரு வாரம் ஆனது, இப்போது அன்று மாலைக்குள். அந்த ஆளின் பெயர் பேச்சில் வரும்போது விவாதத்துக்குத் தயாராகாமல் மேற்கொண்டு பேச முடியும். அவரிடம் ஏதாவது கேட்டுக் கற்றுக்கொள்ளத் தோன்றும். பழைய எரிச்சல் திரும்பினால் முதலாம் கேள்வியின் ஒற்றை வாக்கியச் சோதனையை மறுபடி செய்யுங்கள். பல மாதம் பொறாமை என்று நினைத்துச் சிகிச்சை செய்தது கசப்பாக இருந்திருக்கலாம். அப்படியென்றால் பதின்மூன்றாம் கேள்வியிலிருந்து தொடங்க வேண்டும்.